கொலம்போ பிடித்த கொலைகாரர்களுக்கு நீதிமன்றத்தில் உண்மையிலேயே தண்டனை கிடைத்திருக்குமா?

பொன்னி எழுதியது:

கடந்த 2 மாதங்களாக இரவு உணவு முடிந்ததும் என் தந்தையாரும் நானும் 'கொலம்போ' என்ற அமெரிக்கத் துப்பறியும் தொடரைப் பார்த்து வருகிறோம். என்பிசி தொலைக்காட்சியில் 1971 முதல் 1978 வரை வந்த பகுதிகளை முடித்துவிட்டோம். காவல்துறைத் துப்பறிவாளர் கொலம்போவாக நடித்த பீட்டர் ஃபாக்கின் கசங்கிய மழைக்கோட்டும், வாசல் வரை போனவர் திரும்பி வந்து "இன்னும் ஒரே ஒரு விஷயம்" என்று தொடங்கும் விதமும் எனக்கு மிகவும் பிடித்தவை. தொடரைக் குறை சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை.

என் தந்தையார் நீதிமன்ற எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எல்லாம் சரி, இதில் சாட்சியம் எங்கே இருக்கிறது?" முதலில் அதைக் கேட்டுச் சலித்துக்கொண்டேன். இப்போது நானும் அதையே கேட்கிறேன்.

1973-இல் வந்த 'எனி ஓல்ட் போர்ட் இன் எ ஸ்டார்ம்' என்ற பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். டொனால்ட் ப்ளெசன்ஸ் நடித்த ஏட்ரியன் கார்சினி, திராட்சைத் தோட்டத்தை விற்கத் துணிந்த தன் தம்பியை அடித்துக் கட்டி, ஒயின் நிலவறையில் அடைத்து, குளிரூட்டியை நிறுத்திவிட்டு நியூயார்க் போய்விடுகிறார். தம்பி மூச்சுத் திணறி இறந்துபோகிறார். கார்சினி ஊரில் இல்லாத அந்த நாட்களில் கடும் வெயில் அடித்திருக்கிறது. இதை அறிந்த கொலம்போ, அதே நிலவறையிலிருந்து 1945-ஆம் ஆண்டு ஃபெரேரா போர்ட் ஒயின் புட்டி ஒன்றை எடுத்து வந்து, உணவகத்தில் கார்சினிக்கே பரிமாற ஏற்பாடு செய்கிறார். ஒரு மிடறு குடித்ததுமே, இந்த ஒயின் வெப்பத்தில் கெட்டுவிட்டது என்று கார்சினி உணவகத்தாரிடம் சீறுகிறார். பிறகு கெட்டுப்போன புட்டிகளைக் கடலில் எறிந்துகொண்டிருக்கும்போது கொலம்போ வந்து நிற்கிறார், கார்சினி ஒப்புக்கொள்கிறார், கதை முடிகிறது.

காட்சியாகப் பார்த்தால் மனம் நெகிழ்கிறது. ஆனால் ஒயின் கெட்டுவிட்டது என்பது குளிரூட்டி ஓடவில்லை என்பதை மட்டுமே காட்டுகிறது. அதை நிறுத்தியவர் யார் என்பதற்கு அதில் எந்தச் சான்றும் இல்லை. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய 'மர்டர் பை த புக்' பகுதியிலும் இதே சிக்கல் இருக்கிறது. இறந்த எழுத்தாளர் முன்பு எப்போதோ குறித்து வைத்த கதைக்கரு ஒன்று கொலை நடந்த விதத்துடன் ஒத்துப்போகிறது என்பதைத் தவிர, கொலம்போவிடம் உறுதியான தடயம் ஏதும் இல்லை. இருந்தும் அந்த எழுத்தாளரைக் கொன்ற அவருடைய எழுத்துக் கூட்டாளி கென் ஃபிராங்க்ளின் உடனே ஒப்புக்கொண்டுவிடுகிறார்.

என் ஐயம் இதுதான். கொலைகாரர்கள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இவற்றில் எத்தனை வழக்குகள் நிலைத்திருக்கும்? சட்டம் தெரிந்தவர்களும் தொடரை நன்கு அறிந்தவர்களும் விளக்கினால் தந்தையாருக்கும் படித்துக் காட்டுவேன்.

வழக்காடி எழுதியது:

உங்கள் தந்தையார் கேட்பது முற்றிலும் சரியான கேள்வி. நான் குற்றவியல் வழக்குகள் நடத்துபவன் என்பதால் எனக்கும் இது நெடுநாளாக உறுத்தலாக இருந்தது. ஆனால் நம் ஊர் வாசகர்கள் முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காவல் அதிகாரியிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் இந்தியாவில் குற்றவாளிக்கு எதிராகச் செல்லாது. அதே பழக்கத்தில் கொலம்போவைப் பார்த்தால் எல்லா முடிவுகளும் வெற்று முடிவுகளாகத் தோன்றும். கதை நடப்பதோ கலிஃபோர்னியாவில். அங்கே காவல்துறையிடம் விரும்பிச் சொன்ன வாக்குமூலம் சாட்சியமாக ஏற்கப்படும். மிராண்டா வழக்கில் 1966-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விதித்த எச்சரிக்கை (பேசாமல் இருக்கலாம், வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே சொல்வது) கூட, ஒருவரைக் காவலில் வைத்து விசாரிக்கும்போது மட்டுமே கட்டாயம். கொலம்போ பெரும்பாலும் சந்தேக நபரின் சொந்த வீட்டிலோ, அலுவலகத்திலோ, தோட்டத்திலோ நின்று, போகட்டுமா என்று கேட்டுக்கொண்டே பேசுகிறார். அதைக் காவலில் வைத்த விசாரணை என்று எந்த வழக்கறிஞராலும் எளிதில் நிறுவ முடியாது. ஆகவே கார்சினி கடற்கரையில் சொன்னது செல்லும்.

பொய் சொல்லிச் சிக்கவைப்பதைப் பற்றியும் பலர் கேட்பதுண்டு. விசாரணையின்போது காவலர் பொய் சொன்னார் என்பதற்காக மட்டும் வாக்குமூலம் தள்ளுபடி ஆகாது என்பதே 1969-இல் வந்த ஃப்ரேசியர் எதிர் கப் தீர்ப்பின் நிலை. பொறி வைத்துப் பிடித்தார் என்ற வாதமும் எடுபடாது. சட்டம் தடுப்பது, குற்றம் செய்யும் எண்ணம் இல்லாதவரைத் தூண்டிக் குற்றம் செய்ய வைப்பதைத்தான். இங்கே கொலை முன்பே நடந்து முடிந்துவிட்டது.

உண்மையான ஓட்டை அந்த போர்ட் புட்டியில் இருக்கிறது. உரிமையாளருக்குத் தெரியாமல், நீதிமன்ற ஆணை இல்லாமல், ஒரு காவல் அதிகாரி எடுத்து வந்த பொருள் அது. சட்டவிரோதமாகக் கைப்பற்றிய பொருளை மாநில நீதிமன்றங்களிலும் சாட்சியமாக்கக் கூடாது என்பது மேப் வழக்கில் 1961-இலேயே தீர்ந்துபோன விஷயம். மற்றப் புட்டிகள் கடலுக்குள் போய்விட்டன. கார்சினி அன்று வாய் திறக்காமல் வீட்டுக்குப் போயிருந்தால் அரசு வழக்கறிஞர் கையில் ஒன்றுமே இருந்திருக்காது. 'டெத் லெண்ட்ஸ் எ ஹேண்ட்' பகுதியில் கொலைகாரருடைய காரின் புகைக்குழாயில் உருளைக்கிழங்கைச் செருகி அதைப் பழுதாக்கியதைப் போலக் கொலம்போ குறிப்பாகச் சொல்வதையும் இதே கணக்கில்தான் சேர்ப்பேன்.

எனக்கு நம்ப முடியாதது வேறொன்று. இந்தக் கொலைகாரர்களில் பெரும்பாலோர் பெரும் செல்வந்தர்கள். நகரத்தின் மிகச் சிறந்த வழக்கறிஞர் ஒரு தொலைபேசி அழைப்பில் வந்து நிற்பார். அப்படியிருந்தும் ஏறக்குறைய யாருமே, என் வழக்கறிஞர் இல்லாமல் பேச மாட்டேன் என்று சொல்லிக் கதவைச் சாத்துவதில்லை. அதைச் சொல்லியிருந்தால் அரைமணி நேரத்தில் தொடர் முடிந்துபோயிருக்கும். தொடர் தொடங்குமுன் சோதனையாக 1971-இல் வந்த 'ரான்சம் ஃபார் எ டெட் மேன்' படத்தில் லீ கிராண்ட் நடித்த கொலைகாரியே வழக்கறிஞர்தான். கணவரைக் கடத்தியவர்களுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்ன பணத்தை எடுத்தே, தொல்லை தரும் கணவரின் மகளை ஊரைவிட்டு அனுப்ப முயன்று அவர் மாட்டிக்கொள்கிறார். சட்டம் தெரிந்தவரை வீழ்த்த, கையில் எடுத்துக் காட்டக்கூடிய ஒரு பொருள் தேவை என்று அந்தக் கதையை எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

கடலோடி எழுதியது:

சட்டத்தைப் பொறுத்தவரை வழக்காடி சொன்னதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் ஓட்டை எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இந்தத் தொடரில் முதல் இருபது நிமிடங்களிலேயே கொலையை நாம் கண்ணால் பார்த்துவிடுகிறோம். கொலைகாரர் யார் என்பது நமக்கு உறுதியாகத் தெரியும். அந்த உறுதியை நம்மை அறியாமலேயே கொலம்போவின் கணக்கிலும் நீதிமன்றத்தின் கணக்கிலும் சேர்த்துவிடுகிறோம். அதனால்தான் கதைக்குறிப்பு எழுதிய ஒரு தாளை அவர் நீட்டியதும், அகப்பட்டுக்கொண்டான் என்று நாம் நிமிர்ந்து உட்காருகிறோம். முதல் இருபது நிமிடங்களை வெட்டிவிட்டு அதே காட்சியை ஒருவருக்குக் காட்டினால், அவரும் உங்கள் தந்தையார் கேட்டதையே கேட்பார்.

ரிச்சர்ட் லெவின்சனும் வில்லியம் லிங்க்கும் இந்தப் பாத்திரத்தை உருவாக்கியபோது, தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலில் வரும் விசாரணை அதிகாரி போர்ஃபிரியை மனத்தில் வைத்திருந்ததாகக் கூறியிருக்கிறார்கள். அந்த நாவலிலும் போர்ஃபிரியின் கையில் திட்டவட்டமான சாட்சியம் கிடையாது. அவர் வருகிறார், பேசுகிறார், போகிறார், மறுபடியும் வருகிறார். கொலை செய்த ரஸ்கோல்னிகோவின் மனம்தான் அவரை நடத்திக் கொண்டுபோய் ஒப்புக்கொள்ள வைக்கிறது. அந்த மரபில் பார்த்தால், ஒப்புக்கொள்வதற்கு அந்த மனிதரிடம் காரணம் இருக்கிறதா என்பதே நாம் கேட்க வேண்டியது. கார்சினியிடம் இருக்கிறது. அவருடைய செயலாளர் கேரன் உண்மையைத் தெரிந்துகொண்டு, தன்னைத் திருமணம் செய்துகொள்ளும்படி அவரை நெருக்குகிறார். தன் வாழ்நாள் சேகரிப்பைத் தன் கையாலேயே கெடுத்துவிட்ட துயரமும் சேர்ந்துகொள்கிறது. அந்த நிலையில் சிறை அவருக்கு விடுதலையாகவே தெரிகிறது என்பதை நான் முழுமையாக நம்புகிறேன். ஃபிராங்க்ளினிடம் அப்படி ஒன்றும் இல்லை. சூட்டோடு சூடாக இரண்டு கொலை செய்தவர், ஒரு தாளைக் கண்டதும் ஏன் தளர வேண்டும்? அந்த முடிவு எனக்கும் ஒப்பவில்லை.

எழுதியவர்கள் நினைத்தால் பிசிறில்லாமல் முடிக்க முடியும் என்பதற்கு 'சூட்டபிள் ஃபார் ஃபிரேமிங்' போதும். கலை விமர்சகர் டேல் கிங்ஸ்டன் தன் மாமாவைக் கொன்றுவிட்டு, பிரெஞ்சு ஓவியர் டெகாவின் பாஸ்டல் ஓவியங்கள் இரண்டைத் தன் அத்தையின் வீட்டில் மறைத்துவைத்துப் பழியை அவர்மேல் போடுகிறார். ஓவியங்கள் அங்கே கண்டெடுக்கப்படுகின்றன. அவற்றில் இருப்பவை தன்னுடைய கைரேகைகள் என்கிறார் கொலம்போ. ஓர் இரவு கிங்ஸ்டன் கையில் உறைப்பையோடு வீட்டுக்குள் நுழைந்தபோது, பார்க்கலாமா என்று கொலம்போ கை நீட்டியதும், கிங்ஸ்டன் பையைப் பறித்துக்கொண்டதும் அப்போது சிறிய விஷயமாகக் கடந்துபோயிருக்கும். நீங்கள் இப்போதுதான் தொட்டீர்கள் என்று கிங்ஸ்டன் கத்துகிறார். கொலம்போ மழைக்கோட்டுப் பைகளிலிருந்து கைகளை மெதுவாக வெளியே எடுக்கிறார். இரண்டிலும் கையுறை. யாரும் எதையும் ஒப்புக்கொள்ளத் தேவையில்லாமல் வழக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது.

பழையதிரை எழுதியது:

தர்க்கத்தைப் பற்றிப் பேசும்போது 'டபுள் எக்ஸ்போஷர்' பகுதியை விட்டுவிடக் கூடாது. ராபர்ட் கல்ப் நடித்த உளவியல் நிபுணர், உப்புக் கரிக்கும் கேவியரை (மீன் முட்டை) ஒருவருக்குத் தின்னக் கொடுத்து, படச்சுருளின் இடையே குளிர்பானத்தின் ஒற்றைப் படங்களை ஒட்டி, கண்ணுக்குப் புலப்படாத அந்தத் தூண்டுதலால் அவரைத் தாகத்தோடு திரையரங்குக்கு வெளியே வரவைத்துச் சுடுகிறார். கொலம்போவும் அதே உத்தியைக் கொண்டு அவரைப் பிடிக்கிறார். இந்தக் கருத்து பரவக் காரணம், ஜேம்ஸ் விகாரி என்ற சந்தை ஆய்வாளர் 1957-இல் நியூ ஜெர்சியின் திரையரங்கு ஒன்றில் அப்படிச் செய்து பாப்கார்ன் விற்பனையைக் கூட்டியதாகச் சொன்ன செய்தி. அதை நிரூபிக்கும் அளவுக்குத் தன்னிடம் தரவுகள் இல்லை என்று அவரே 1962-இல் ஒப்புக்கொண்டுவிட்டார். அதற்கு 11 ஆண்டுகள் கழித்து வந்த கதை இது. அந்த உப்பும் அறையின் வெப்பமும் மட்டுமே போதுமே என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

ஒப்புதல் வாக்குமூலத்தில் கொலம்போவை மிஞ்சியது, வழக்கறிஞர் ஒருவரைப் பற்றிய 'பெர்ரி மேசன்' தொடர். 1957 முதல் 1966 வரை சிபிஎஸ் தொலைக்காட்சியில் 271 பகுதிகள் வந்தன. அதில் பெரும்பாலான வழக்குகள் பூர்வாங்க விசாரணைக் கட்டத்திலேயே முடிந்துவிடும். வழக்கை முழு விசாரணைக்கு அனுப்பப் போதிய ஆதாரம் உண்டா என்று நீதிபதி பார்க்கும் கட்டம் அது. ஜூரி இருக்க மாட்டார்கள். பிரதிவாதித் தரப்பு தன் வாதங்களை எல்லாம் அங்கே கொட்டவும் வேண்டியதில்லை. அப்படிப்பட்ட இடத்தில், யாருமே சந்தேகப்படாத ஒருவர் எழுந்து நின்று நான்தான் செய்தேன் என்று வாரம் தவறாமல் அழுவார். அதோடு ஒப்பிட்டால் கொலம்போ எவ்வளவோ மேல்.

பொன்னி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரவு தந்தையாருக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். கையுறைக் காட்சியை மறுபடி ஓட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இது நிற்கும்" என்று இரண்டே சொற்களில் முடித்தார். 'எ ஃப்ரெண்ட் இன் டீட்' பகுதியையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொண்டார். கொலம்போ தான் வாடகைக்கு எடுத்த வீட்டின் முகவரியைக் கோப்பில் எழுதிவைக்க, அதைச் சந்தேக நபரின் வீடு என்று நம்பி, காவல்துறை உயர் அதிகாரியே அங்கு நகைகளை ஒளித்துவைத்து மாட்டிக்கொள்வது அவருக்கு மிகவும் திருப்தியாக இருந்தது. 'நெகட்டிவ் ரியாக்‌ஷன்' பகுதியில் மட்டும் எங்களுக்குள் உடன்பாடு இல்லை. அலமாரியில் இருந்த பல கேமராக்களுக்கு நடுவே, வழக்குக்குரிய படத்தை எடுத்த சரியான ஒன்றைக் கொலைகாரர் தானாகவே கை நீட்டி எடுப்பது எனக்குப் போதுமான சான்று. தொழில்முறைப் புகைப்படக் கலைஞருக்கு எந்தப் படத்தை எந்த வகைக் கேமரா எடுக்கும் என்று பார்த்ததும் தெரிந்துவிடுமே, அதை வைத்து ஒரு நல்ல வழக்கறிஞர் ஒருநாள் முழுக்கக் குறுக்கு விசாரணை செய்வாரே என்கிறார் தந்தையார்.

கார்சினி விஷயத்தில் கடலோடி சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். கேரன் அவரை நெருக்கிய காட்சியை நான் முதலில் கவனமாகப் பார்க்கவில்லை. ஆனால் 1972-இல் வந்த 'டேகர் ஆஃப் த மைண்ட்' பகுதியை எந்த மரபின் பெயரைச் சொல்லியும் என்னால் ஏற்க முடியவில்லை. லண்டனில் நடக்கும் அந்தக் கதையில், கொலை நடந்த இரவு அறுந்துபோன மாலையின் முத்து ஒன்று குடைக்குள் இருந்து வெளியே வந்து விழுகிறது. அதைக் கண்டதும் கொலைகாரர்களில் ஒருவர் சித்தம் கலங்குகிறார், மற்றவர் உடைந்துபோய் உண்மையைச் சொல்லிவிடுகிறார். பின்னர், ஒரு முத்தை விரலால் சுண்டிக் குடைக்குள் விழவைப்பது எப்படி என்று கொலம்போ தாமே செய்து காட்டுகிறார். பொய் சொல்லிச் சிக்கவைப்பதும், இல்லாத தடயத்தைக் கொண்டுவந்து போடுவதும் ஒன்றல்ல என்று வழக்காடியும் ஒப்புக்கொள்வார் என்றே நினைக்கிறேன். அந்த இருவரும் கொலைகாரர்கள் என்று நமக்குத் தெரியும் என்பதால் நாம் பேசாமல் இருந்துவிடுகிறோம். அந்தக் குடைக்குள் முத்து இருந்ததே இல்லை.