பழைய பேனலைக் கழற்றும் முன்: கடலூர், புதுவை ஆலைகளில் பார்த்தவை

பராமரிப்புப் பிரிவு, குடிகாடு சிப்காட்

1980களில் போட்ட எம்சிசி பேனல்கள் (மோட்டார்களுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டிகள்) இங்கே பல ஆலைகளில் இன்னும் ஓடுகின்றன. அவற்றை மாற்றும் வேலையில் ஆளை அடிப்பது பெரும்பாலும் மெயின் இன்கமர், அதாவது பேனலுக்கு முக்கிய லைன் வரும் பிரேக்கர், இல்லை. அதை எல்லோரும் மறக்காமல் ஆஃப் செய்து பூட்டிவிடுவார்கள். வரைபடத்தில் இல்லாத லைன்தான் அடிக்கும். பேனலுக்குள் ஈரம் தங்காமல் சூடேற்றும் ஸ்பேஸ் ஹீட்டருக்கு லைட்டிங் டிபி (விளக்குகளுக்கான விநியோகப் பெட்டி) மூலம் தனியாக வரும் 230 வோல்ட், ஒன்று ஓடினால்தான் மற்றொன்று ஓடும் என்ற இன்டர்லாக்குக்காகப் பக்கத்துப் பேனல் கொடுக்கும் 110 வோல்ட், என்றோ ஒரு பொங்கல் ஷட்டவுனில் டீசல் ஜெனரேட்டரிலிருந்து தற்காலிகமாக இழுத்து அப்படியே நின்றுபோன கேபிள். இந்த மூன்றும் ஒரே பேனலுக்குள் இருந்ததையும் பார்த்தாயிற்று.

அதனால் ஷட்டவுனுக்கு நான்கைந்து நாள் முன்பே கேபிள் அறையைத் திறந்து, ஒவ்வொரு கேபிளும் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று இரண்டு முனையிலும் பார்த்து டேக் கட்டுங்கள். பழைய வரைபடத்தில் சிவப்பு மையால் திருத்துங்கள். திருத்தமே இல்லாமல் வரைபடம் திரும்பி வந்தால், யாரும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

அன்றைய தினம் பிரேக்கரை ரேக் அவுட் செய்து (இணைப்பிலிருந்து வெளியே இழுத்து) பூட்ட வேண்டும். வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் தனிப் பூட்டு, சாவி அவரவர் பையில். டெஸ்டரை முதலில் கரன்ட் இருக்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு பேனலில் ஃபேஸுக்கு ஃபேஸ், ஃபேஸுக்கு நியூட்ரல், ஃபேஸுக்கு எர்த், நியூட்ரலுக்கு எர்த் என்று எல்லாம் பார்த்துவிட்டு, மறுபடி கரன்ட் இருக்கும் இடத்துக்கே போய் டெஸ்டர் உயிரோடு இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். நியூட்ரலை விட்டுவிடாதீர்கள். மூன்று போல் (மூன்று ஃபேஸை மட்டும் துண்டிக்கும்) பிரேக்கர் அதை வெட்டாது, வேறு பக்கத்திலிருந்து அதில் வோல்டேஜ் ஏறி நிற்கலாம். டெஸ்ட் லாம்ப் மட்டும் போதாது. பல்பு ஃபியூஸாகியிருந்தால் அதுவும் 'லைன் இல்லை' என்றுதான் காட்டும்.

கெப்பாசிட்டர் பேங்கில் மிச்ச சார்ஜை வடிக்கும் டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் எரிந்து ஓப்பன் ஆகியிருப்பது சகஜம். ஆஃப் செய்த பின் குறைந்தது 5 நிமிடம் விட்டு, எர்த் ராடால் டெர்மினல்களை ஷார்ட் செய்த பிறகே கை வையுங்கள்.

சுவிட்ச்கியர் சர்வீஸ், மேட்டுப்பாளையம், புதுச்சேரி

குடிகாடு அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். லோடு ஓடிக்கொண்டிருக்கும் இன்கமரில் அம்மீட்டரை மாற்றுகிறவர்கள், சிடி (கரன்ட்டைக் குறைத்து மீட்டருக்குக் கொடுக்கும் கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர்) செகண்டரியை முதலில் ஷார்ட் லிங்க் போட்டுவிட்டுத்தான் ஒயரைக் கழற்ற வேண்டும். ஓப்பனாக விட்டால் அந்தச் சின்ன டெர்மினலில் ஆளைக் கொல்லும் அளவு வோல்டேஜ் ஏறும், சிடியும் வெந்துபோகும்.

அடுத்து உப்புக்காற்று. பெயின்ட் அடித்த முன்பக்கத் தகடு பளபளவென்று இருக்கும். எர்த் ஸ்ட்ரிப் மண்ணுக்குள் இறங்கும் இடத்தில், தரைமட்டத்துக்குக் கீழே நான்கு விரல் தோண்டிப் பாருங்கள். 6 மில்லிமீட்டர் கனமான ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டை அந்த ஒரு இடத்தில் மட்டும் காகிதம் போல மெலிந்து, சுத்தியலால் தட்டினால் பொலபொலவென்று உதிரும். மீட்டரில் ரீடிங் நன்றாகவே வரும், ஏனென்றால் இரண்டு எர்த்தில் மற்றொன்று இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆகவே டிரான்ஸ்ஃபார்மர் ஆஃபாக இருக்கும்போது லிங்கைக் கழற்றி ஒவ்வொரு எர்த் குழியையும் தனித்தனியாக அளக்க வேண்டும். நியூட்ரலுக்கு இரண்டு தனி எர்த் வேண்டும் என்று விதி சொல்வது, ஒன்று போனாலும் மற்றொன்று காக்க வேண்டும் என்பதற்காக. இரண்டும் பாதி செத்த நிலையில் புதுப் பேனலை அதில் கட்டாதீர்கள்.

கந்தகப் புகை உள்ள ஆலைகளில் வெள்ளிக் கான்டாக்ட் கறுத்துப்போகும். உப்புத்தாளால் தேய்த்தால் முலாம் போய்விடும், தொடாதீர்கள். பிரேக்கரை மூடி வைத்து மூன்று போலிலும் கான்டாக்ட் ரெசிஸ்டன்ஸை மைக்ரோ ஓமில் அளந்து எடுங்கள். மிகக் குறைந்ததைவிட ஒரு போல் பாதிப் பங்குக்கு மேல் கூடுதலாகக் காட்டினால் அதைத் திறந்து பார்க்க வேண்டும்.

புதுப் பேனல் ஆர்டரில் டின் பூசிய பஸ்பார் (பேனலுக்குள் கரன்ட் ஓடும் உலோகப் பட்டை), துருப்பிடிக்காத எஸ்எஸ் 316 எஃகு போல்ட், தெர்மோஸ்டாட்டுடன் ஸ்பேஸ் ஹீட்டர் என்று எழுதிக் கேளுங்கள். கேட்காவிட்டால் வராது. கீழே கேபிள் நுழையும் கிளாண்ட் பிளேட்டில் பயன்படாத ஓட்டைகளை அன்றைக்கே அடையுங்கள். ஒரு பல்லி இரண்டு ஃபேஸுக்கு நடுவே விழுந்தால் போதும், லட்சக்கணக்கில் போட்ட பேனல் கரியாகிவிடும்.

ஏ கிரேடு கான்ட்ராக்டர், சேதராப்பட்டு

பழைய ஆலைகளில் எனக்கு மிகவும் கவலை தருவது ஃபால்ட் லெவல், அதாவது ஷார்ட் ஆனால் பாயக்கூடிய கரன்ட். உற்பத்தி கூடியதும் 500 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துவிட்டு 1000 கேவிஏ போடுவார்கள், பேனல் பழையதே இருக்கும். கணக்கைப் பாருங்கள். 433 வோல்ட்டில் 500 கேவிஏவுக்கு முழு லோடு 667 ஆம்பியர், இம்பீடன்ஸ் 4.5 சதவீதம் என்றால் ஷார்ட் ஆனால் சுமார் 14.8 கிலோ ஆம்பியர். 1000 கேவிஏவுக்கு 1333 ஆம்பியர், 5 சதவீதம், சுமார் 26.7 கிலோ ஆம்பியர். பேனலின் பெயர்ப் பிளேட்டில் தாங்கும் அளவு 25 கிலோ ஆம்பியர் என்று இருந்தால் அது எல்லை தாண்டிவிட்டது. தினமும் நன்றாக ஓடும். ஷார்ட் வரும் அன்றைக்கு பஸ்பார் சப்போர்ட் உடைந்து கதவு பறக்கும்.

இன்னொன்று இடம். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் பேனலுக்கு முன்னால் 1 மீட்டர் கேட்கின்றன. பின்னால் திறந்த இணைப்பு இருந்தால் இடைவெளி 20 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும், அல்லது 75 சென்டிமீட்டருக்கு மேல். 20க்குள் ஆள் நுழைய முடியாது; 75க்கு மேல் நுழைந்தவர் திரும்பி வெளியே வரலாம். நடுவில் 40, 50 என்று விட்டால் உள்ளே போனவர் சிக்கிக்கொள்வார். புதுப் பேனல் பழையதைவிட ஆழம் அதிகமாக இருந்தால், அதே பீடத்தில் வைக்கும்போது பின் இடைவெளி சரியாக இந்த ஆபத்தான அளவில் வந்து நிற்கலாம். ஆர்டர் போடும் முன் டேப் வைத்து அளந்து விடுங்கள். மின் ஆய்வாளருக்கு அனுப்பும் வரைபடத்திலும் இந்த அளவு இருக்கட்டும்.

ஸ்டோர்ஸ் பொறுப்பு, பச்சையாங்குப்பம்

கழற்றிய சாமானைப் பற்றி யாரும் பேசவில்லையே சார். பழைய ஏர் பிரேக்கரில் தீப்பொறியை அணைக்கும் ஆர்க் ஷூட்டிலும் ஃபியூஸ் போர்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உடைக்காமல், தண்ணீர் தெளித்து, இரட்டைப் பையில் கட்டுங்கள். ரொம்பப் பழைய கெப்பாசிட்டர், டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் பிசிபி என்ற நச்சு ரசாயனம் இருக்கலாம். 2016 மத்திய அரசு ஆணைப்படி 2025 டிசம்பர் 31க்குப் பிறகு அதை எந்த வடிவிலும் பயன்படுத்தக்கூடாது. சோதனை முடிவு வரும்வரை பழைய இரும்புக்காரரிடம் கொடுக்காதீர்கள், வேறு எண்ணெயோடும் கலக்காதீர்கள்.

பராமரிப்புப் பிரிவு, குடிகாடு சிப்காட்

நல்ல வேளை, நினைவூட்டினீர்கள் தம்பி. திரும்ப லைன் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். இன்சுலேஷனை அளக்க மெகர் போடும் முன் டிரைவ் (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி), சர்ஜ் அரெஸ்டர், எலக்ட்ரானிக் மீட்டர் எல்லாம் பிரித்துவிடுங்கள். 415 வோல்ட் பக்கம் 500 வோல்ட் டிசியில் 1 மெகா ஓம் என்பது விதியின் கீழ் எல்லை. புதுப் பேனல் அதையொட்டி நின்றால் எங்கோ ஈரம் இருக்கிறது, ஹீட்டரைப் போட்டு ஒரு இரவு விட்டுப் பாருங்கள்.

பிரேக்கரை டிரிப் செய்யக் கரன்ட் தரும் பேட்டரியைச் சார்ஜர் துணையில்லாமல், பாதுகாப்பு ரிலேயிலிருந்தே டிரிப் கொடுத்துப் பாருங்கள். பட்டனில் டிரிப் ஆவது மட்டும் போதாது. மோட்டார்களைக் கப்ளிங் கழற்றிச் சுற்றும் திசை பார்க்க வேண்டும், செங்குத்து பம்பு தலைகீழாக ஓடினால் திருகு மரை கழன்று ஷாஃப்டே பிரிந்து வரும்.

பீடத்தின் உயரத்தைப் பழைய வரைபடத்திலிருந்து எடுக்காதீர்கள். 2015 கடலூர் வெள்ளத்திலும் 2024 ஃபெஞ்சலிலும் ஆலைக்குள் தண்ணீர் எதுவரை வந்தது என்று சுவரில் கறை இருக்கும். அந்தக் கறைக்கு மேலே கிளாண்ட் பிளேட் வரும்படி பீடத்தைக் கட்டுங்கள்.