ஒரே நொதியை இரண்டு பக்கமும் அடைத்த கதை

மூத்த மகள்:
அம்மாவுக்கு 76 வயது. அல்சைமர் என்று உறுதியாகி ஒரு வருடம் ஆகிறது. மறதி நோய்க்கான டோனிபெசில் மாத்திரை 5 மி.கி. இரவில் கொடுக்கச் சொன்னார்கள், ஆறு வாரம் கழித்து 10 மி.கி. ஆக்கினார்கள். ஆரம்பத்தில் வயிற்றுப்போக்கு இருந்தது, தானாக அடங்கிவிட்டது. கனவுதான் பெரிய தொல்லை. நடு இரவில் எழுந்து உட்கார்ந்து, கதவுக்கு வெளியே யாரோ நிற்கிறார்கள் என்று அழுவார். மருத்துவரைக் கேட்டுக் காலையில் கொடுக்க ஆரம்பித்தேன், சரியாகிவிட்டது. ஞாபகம் கூடவில்லை. ஆனால் பேச்சுக்கு நடுவே தொலைந்து போவது கொஞ்சம் குறைந்திருக்கிறது.

இப்போது உறவினர் ஒருவர் ஹூப்பர்சைன் ஏ என்ற மூலிகை மாத்திரை அனுப்பியிருக்கிறார். செடியிலிருந்து எடுத்தது, பக்கவிளைவே கிடையாது என்கிறார். யாராவது கொடுத்துப் பார்த்திருக்கிறீர்களா?

பட்டுத் தெரிந்தவன்:
அக்கா, அந்த டப்பாவைத் திறக்காதீர்கள். நான் திறந்தேன்.

அப்பாவும் டோனிபெசில் 10 மி.கி. தான். டாக்டரிடம் சொல்லாமல் ஹூப்பர்சைனையும் சேர்த்துக் கொடுத்தேன். ஒன்பதாவது நாள் குளியலறையில் மயங்கி விழுந்தார். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 38. அவசரப் பிரிவில் "வேறு என்ன கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டபோது முதலில் "ஒன்றும் இல்லை" என்றேன். மூலிகையை மருந்துக் கணக்கில் சேர்க்கவே தோன்றவில்லை எனக்கு.

அப்புறம்தான் புரியும்படி சொன்னார்கள். நினைவுக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை உடைக்கிற நொதி ஒன்று இருக்கிறது. டோனிபெசில் அதை அடைக்கிறது. ஹூப்பர்சைனும் அதே நொதியைத்தான் அடைக்கிறது. நான் மாற்று மருத்துவம் என்று நினைத்துக் கொடுத்தது, அதே மருந்தின் இரண்டாவது டோஸ் மாதிரி. அசிட்டைல்கோலின் மூளையோடு நிற்பதில்லை, இதயத் துடிப்பைக் குறைக்கிற நரம்பும் அதை வைத்துத்தான் வேலை செய்கிறது. சரி, தனியாகவாவது பலன் உண்டா என்று தேடினேன். 2011இல் வெளியான சோதனையில் 200 மைக்ரோகிராம் தினம் இருவேளை கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வெற்று மாத்திரையை விட நினைவாற்றல் மேம்படவில்லை.

செடியிலிருந்து வந்தது என்பது ஒரு தகுதியே இல்லை. மறதி நோய்க்கு டாக்டர் எழுதித் தருகிற கேலன்டமைன் மருந்தும் பனித்துளிப் பூச்செடி வகையில் முதலில் கண்டெடுத்ததுதான்.

ஓய்வுபெற்ற செவிலி:
தம்பி சொன்னதற்கு நேர் எதிரான கூத்தையும் நிறையப் பார்த்திருக்கிறேன். டோனிபெசில் சிலருக்குச் சிறுநீரை அடக்க முடியாமல் செய்யும். வீட்டார் அதை நோய் முற்றியதாக நினைத்து வேறொரு மருத்துவரிடம் போவார்கள். அவர் சிறுநீரை அடக்க ஆக்ஸிபியூட்டினின் எழுதுவார். அது அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுக்கிற மருந்து! ஒரு மாத்திரை ஏற்ற, இன்னொன்று இறக்க, நடுவில் அந்தப் பெரியவர் இன்னும் குழம்பிப் போவார். பழைய மருந்துச் சீட்டைக் காட்டியிருந்தாலே போதும். வாந்தியால் மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்கள் டோனிபெசில் வகையைச் சேர்ந்த ரிவாஸ்டிக்மைன் பட்டையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். தோலில் ஒட்டுவது, குமட்டல் குறைவு. புதியதை ஒட்டும் முன் பழையதை உரித்துவிட வேண்டும், முதுகில் இரண்டு மூன்றோடு வந்தவர்களும் உண்டு.

கணவர்:
என் மனைவிக்கு கிங்கோ என்ற மூலிகை மாத்திரை கொடுத்தேன், எட்டு மாதம். ஒரு மாற்றமும் இல்லை. 2008இல் வந்த பெரிய ஆய்வில் 3,000 பேருக்கு மேல் சேர்ந்திருந்தார்கள். மறதி நோய் வராமல் அது தடுக்கவில்லை என்று பிறகுதான் படித்தேன். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தக்கசிவு ஆபத்து வேறு. மாலையில் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பதை மட்டும் விடவில்லை. அதனால் நோய் குறையவில்லைதான், ஆனால் அன்று இரவு தூங்குகிறாள்.

மூத்த மகள்:
எல்லோருக்கும் நன்றி. ஹூப்பர்சைன் டப்பாவை ஓரமாக எடுத்து வைத்துவிட்டேன். செவிலி அம்மா சொன்னதைப் படித்ததும் மற்ற மாத்திரைகளையும் மேசையில் கொட்டிப் பார்த்தேன். தூக்கம் வராத நாட்களில் கடையில் நானே கேட்டு வாங்கிக் கொடுப்பது ஒன்று இருக்கிறது. அட்டையில் டைஃபென்ஹைட்ரமின் என்று போட்டிருக்கிறது. இதுவும் அந்த வகைதானா அம்மா?

ஓய்வுபெற்ற செவிலி:
ஆமாம் கண்ணு. அசிட்டைல்கோலினைத் தடுப்பதுதான். இன்று இரவு கொடுக்காமல், நாளை மருத்துவரிடம் அந்த அட்டையையும் எடுத்துப் போ.