மாதுளை மரத்தில் கூடு கட்டியிருப்பது எந்தத் தேன்சிட்டு?

வணக்கம். கோவை வடவள்ளியில் எங்கள் வீட்டு மாதுளையில், இடுப்புயரக் கிளையில் ஒரு தேன்சிட்டுக் கூடு தொங்குகிறது. மார்ச் முதல் வாரம் கட்டத் தொடங்கியது. நார், சருகு, சிலந்தி வலை எல்லாம் சேர்த்துச் சின்னச் சுருக்குப்பை போல இருக்கிறது. பக்கவாட்டில் வாசல், அதன்மேல் குட்டித் தாழ்வாரம். அத்தனை நேர்த்தி!

இப்போது பெண் பறவை மட்டும் உள்ளே அமர்கிறது. முதுகு பழுப்பு கலந்த பச்சை, தொண்டையிலிருந்து வயிறு வரை வெளிர் மஞ்சள். தொண்டை வெண்மையாக இல்லாததால் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு இல்லை என நினைக்கிறேன். ஆண் அருகில் வருவதே அபூர்வம். தூரத்தில் கருநீலமாக மின்னிவிட்டுப் பறந்துவிடும்.

பைனாகுலரில் மாடியிலிருந்து பார்த்தேன், கையேட்டுப் படங்களோடு ஒப்பிட்டேன், குரலைப் பதிவு செய்து செயலியில் போட்டேன். அது ஒருமுறை ஊதாத் தேன்சிட்டு என்கிறது, இன்னொருமுறை லோட்டன் தேன்சிட்டு என்கிறது. கூட்டை விட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் கிட்டே போய்ப் படம் எடுக்கவில்லை. அலகு வளைந்திருப்பது தெரிகிறது, நீளத்தைக் கணிக்க முடியவில்லை.

பெண் பறவையை மட்டும் வைத்து இந்த இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது?