கோஆர்ட்டிகுலேஷன்: ‘ஒலிப்புத் தழுவல்’ எனலாமா?

குழுமத்தவர்க்கு வணக்கம்.

‘கோஆர்ட்டிகுலேஷன்’ என்ற ஒலியியல் சொல்லுக்குத் தமிழ்ப் பெயராகக் குழுமத்து ஐயா ஒருவர் முன்மொழிந்த ‘இணையொலிப்பு’ எனக்குப் பொருந்தியதாகப் படவில்லை. ஆங்கிலத்து ‘வின்டோ’வின் முதல் ஒலிக்கு உதடும் பின்நாக்கும் ஒருசேர வேலை செய்கின்றன. ஓர் ஒலிக்கு இரண்டு இடம். இணையொலிப்பு என்ற பெயரை அதற்கே வைத்துக்கொள்வோம்.

நாம் பெயர் தேடுவது, ஓர் ஒலி முடியுமுன்னே அடுத்த ஒலிக்கான அசைவு தொடங்கிவிடுகிறதே, அல்லது முந்தைய ஒலியின் அசைவு அடுத்ததிலும் நீள்கிறதே, அதற்கு. 1933 இல் ஒலியியலாளர்களான மென்செராத்தும் லசெர்டாவும் ஜெர்மன் மொழியில் எழுதியது இதைப் பற்றித்தான். கல்முனையில் என்னிடம் ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகளைக் கிரான், கூழாவடி என்று இரண்டு ஊர்ப்பெயர்களைச் சொல்லச் சொல்வேன். கூழாவடியில் ககரம் வெளிவருமுன்பே உதடு குவிந்துவிடும். கிரானில் உதடு விரிந்திருக்கும், நாக்கும் அண்ணத்தில் சற்று முன்னே தள்ளித் தொடும். ‘கீ’, ‘கூல்’ என்னும் ஆங்கிலச் சொற்களிலும் இதேதான்.

இன்னொன்று. பத்தைக் குறிக்கும் ‘ரென்’னில் நாக்குநுனி மேற்பல்லுக்குப் பின்னுள்ள முரசைத் தொடுகிறது. பத்தாவதைச் சொல்லும்போது, அடுத்து வரும் பல்லொலிக்காக அதே நாக்கு பல்லுக்கே இறங்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. நமக்கு ன், ந் என இரண்டு இருப்பதால் ‘ரென்’, ‘ரெந்த்’ என்றே எழுதிக் காட்டலாம். வகுப்பில் இது பெரிய வசதி, விட்டுவிடக்கூடாது.

‘ஓரினமாதல்’ என்பதையும் இதற்கு நீட்ட வேண்டாம். உள்ளீட்டைக் குறிக்கும் ஆங்கில ‘இன்புற்’ பேச்சில் ‘இம்புற்’ ஆவது ஓரினமாதல். ஒலி வேறோர் ஒலியாகவே மாறிவிடுகிறது. ‘கூல்’ என்பதிலோ ககரம் ககரமாகவே நிற்கிறது, சாயல்தான் மாறுகிறது.

ஆகவே ‘ஒலிப்புத் தழுவல்’ என்பது என் முன்மொழிவு. தழுவுதொடர், தழாத்தொடர் என இலக்கணத்தில் முன்பே புழங்கும் வேர் இது. முந்தைய ஒலியால் வருவது, அடுத்த ஒலியால் வருவது என்னும் இரு வகைகளுக்கு முன், பின் என்ற அடைகள் வேண்டாம். ‘முன்’ என்றால் கடந்ததா, வரப்போவதா என்று பிள்ளைகள் தடுமாறுவார்கள். நிலைமொழி, வருமொழியை ஒட்டி ‘நிலையொலித் தழுவல்’, ‘வருமொலித் தழுவல்’ எனலாம். மேலே நான் காட்டிய தழுவல்கள் எல்லாம் வருமொலியால் வந்தவை. விளையாட்டைக் குறிக்கும் ‘ப்லே’யில் பகரத்தின் மூச்சு லகரத்துக்குள்ளும் நீண்டு அதன் குரலை அடக்குவது நிலையொலித் தழுவல்.

‘நிலையொலி’ என்பதை ‘மாறாத ஒலி’ என்று யாரேனும் பொருள்கொள்வார்களோ என்ற ஐயம் மட்டும் இருக்கிறது. வேறு நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள்.