மறு: புரொடெக்ஷன் மோடுக்குத் தமிழ்: "தற்காப்பு நிலை"ன்னு வெச்சா என்னங்க?

எல்லாருக்கும் வணக்கம். கார்ல பாட்டுச் சத்தத்தப் பெருக்கற ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) ஏதாவது குத்தம்னா தானா நின்னுடுமே, அந்த புரொடெக்ஷன் மோடுக்குத் தமிழ்ப் பேரு தேடறோம், ஒருத்தர் இப்படிச் சொல்லியிருந்தாரு:

> "பாதுகாப்புப் பயன்முறை" போதுமே

போதாதுங்க. கார் விஷயத்துல பாதுகாப்புன்னு கேட்டா தர்மபுரியில எந்த ஆக்சசரீஸ் கடைக்காரரும் சென்ட்ரல் லாக், அலாரம்னுதான் எடுத்துக் காட்டுவாரு. பயன்முறையும் ஒட்டல. போன்ல விமானப் பயன்முறைய நாமளே போடறோம் நாமளே எடுக்கறோம், ஆம்ப்ளிஃபையர் இந்த நிலைக்குப் போறது நம்மளக் கேட்டு இல்ல, சிவப்பு லைட்டப் போட்டுட்டு அவுட்புட்ட நிறுத்திடும், குத்தம் இருக்கற வரைக்கும் சாவிய எத்தன தடவ திருப்பினாலும் பச்சைக்கு வராது. அதனால "நிலை"தான் சரி.

"காப்பு நிலை"ன்னு ஒரு அண்ணன் சொல்லியிருந்தாரு, சுருக்கமா நல்லாதான் இருக்கு, ஆனா மின்சாரத்துல காப்புன்னா ஏற்கெனவே இன்சுலேஷன். பழுது பாக்கறப்போ முதல்ல தேடறதே கம்பிக்காப்பு எங்க உரிஞ்சிருக்குன்னுதான். கதவுக் கீல்கிட்ட ரப்பர் குழாய்க்குள்ள போற ஸ்பீக்கர் வயர் திறந்து மூடித் திறந்து மூடி தேஞ்சு பாடியில பட்டாலே போதும், ஆம்ப் உடனே சிவப்பு. "காப்பு உரிந்ததால் காப்பு நிலைக்குச் சென்றது"ன்னு கையேட்டுல போட்டா படிக்கிற பையன் என்னத்தப் புரிஞ்சுக்குவான்?

நான் சொல்றது தற்காப்பு நிலை. காரணம் இருக்கு. கிருஷ்ணகிரி பக்கம் மாங்கா லோடு ஏத்தற மினி லாரில கூட இப்ப ஊஃபர் (பேஸ் அடிக்கிற பெரிய ஸ்பீக்கர்) வெச்சிருக்காங்க, ஆம்ப் சிவப்பு காட்டினா "புரொடெக்ட் வந்துருச்சு"ன்னு ஏதோ நோய் வந்த மாதிரி சொல்லி ஆம்பையே மாத்திடறாங்க. அது நோயில்லையே, எதையோ பாத்து அது தன்னைக் காப்பாத்திக்குது. தற்காப்புன்னு சொன்னா அடுத்த கேள்வி தானா வரும், எதுகிட்டேருந்து? அந்தக் கேள்விதான் பழுது பாக்கற வேலையே.

ஸ்பீக்கர் வயரு, ஸ்டீரியோவுலேருந்து பாட்டக் கொண்டு வர்ற ஆர்.சி.ஏ கேபிளு எல்லாத்தையும் கழட்டிட்டு பிளஸ், கிரவுண்டு (கார் பாடியில மாட்டற வயர்), ரிமோட் (ஸ்டீரியோவுலேருந்து வந்து ஆம்ப ஆன் பண்ற வயர்) மூணு மட்டும் வெச்சு ஆன் பண்ணணும். பச்சை வந்தா ஆம்ப் பெரும்பாலும் நல்லாதான் இருக்கு, குத்தம் வெளிய, ஒவ்வொண்ணா திருப்பி மாட்டிப் பாத்தா எதுல சிவப்பு வருதோ அங்கதான் விஷயம். 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டர்ல 3.5 பக்கம் காட்டணும், 1க்குக் கீழ போனா காயில் (ஸ்பீக்கருக்குள்ள இருக்கற கம்பிச்சுருள்) வெந்துருச்சு. 4 ஓம் ஊஃபர் ரெண்ட பேரலலா போட்டா 2 ஓம் ஆயிடும், அத பிரிட்ஜ்ல (ஆம்போட ரெண்டு சேனலையும் ஒண்ணாச் சேத்து) மாட்டிட்டு தொப்பூர் இறக்கத்துல முழு வால்யூம் வெச்சா பாவம் ஆம்ப் என்ன பண்ணும்? நிறைய ஆம்ப் பிரிட்ஜ்ல 4 ஓமுக்குக் கீழ தாங்காது. கிரவுண்டு வயர பெயிண்ட சுரண்டாம அப்படியே போல்ட் போட்டு இறுக்கறதும் இங்க ரொம்ப சகஜம். அப்படி இறுக்கினா, இன்ஜின் ஓடறப்ப ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் பக்கம் குடுத்தாலும் பாட்டு அடிக்கிற நேரத்துல ஆம்ப் முனையில வோல்ட்டேஜ் படுத்துடும், அப்புறம் சிவப்பு.

மூணு வயர் மட்டும் இருந்தும் சிவப்பு போகலன்னா உள்ள திறந்துதான் பாக்கணும், அவுட்புட் மாஸ்ஃபெட் (ஸ்பீக்கருக்குப் பவர் அனுப்பற டிரான்சிஸ்டர்) ஷார்ட்டாதான் அநேகமா இருக்கும்.

---

> தற்காப்பு நிலை

தம்பி, வயர் பத்தி சொன்னதெல்லாம் சரி, சொல்லுல ஒரு இடிப்பு இருக்கு. தற்காப்புன்னா பாலக்கோட்டுல கராத்தே கிளாஸ் போர்டுதான் ஞாபகம் வருது, அது கெடக்கட்டும். அவுட்புட்ல டி.சி (நேர் மின்னோட்டம்) வந்தாலும் ஆம்ப் புரொடெக்ட் ஆகுமில்ல, அங்க காப்பாத்தறது தன்னை இல்லையே, ஸ்பீக்கரைத்தானே? டி.சி நேரா போனா காயில் கருகிடும், அதுக்குத்தான் நிறுத்துது. அப்போ "தன்னை"ங்கறது பொய்யாப் போவுதே.

---

அண்ணா, நல்லா பிடிச்சீங்க. ஆனா "தற்" எப்பவும் தன்னைன்னு மட்டும் வராதுங்களே, தற்செயல்னா தானா நடக்கறது. தானா காக்கறதுன்னு எடுத்துக்கிட்டா ஸ்பீக்கரும் உள்ள வந்துருது. கொஞ்சம் இழுக்கறேன்னு தெரியுது, இருந்தாலும் "ஆம்ப் தற்காப்புக்குப் போயிருச்சு"ன்னு ஒர்க்ஷாப்ல ஒரு தடவ சொல்லிப் பாருங்க, வாயில உக்காருது, பாதுகாப்புப் பயன்முறைக்குச் சென்றுவிட்டதுன்னு எவனும் சொல்ல மாட்டான்.

ஒண்ணு மட்டும் பிரிச்சு வெச்சுக்கலாம். சூடேறி நின்னா ஆறினதும் தானா திரும்ப வந்துடும், அதுக்கு "வெப்ப நிறுத்தம்". ஷார்ட்னால நின்னா பெரும்பாலான ஆம்ப்ல ரிமோட்ட ஆஃப் பண்ணி ஆன் பண்ணாதான் மறுபடி முயற்சி பண்ணும், குத்தம் அங்கயே இருந்தா திரும்பவும் சிவப்பு, அதுக்கு "தற்காப்பில் சிக்குதல்". கஸ்டமர் போன்ல கேக்கறப்போ இந்த வித்தியாசம் ஒண்ணு தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்சுது, கொஞ்ச நேரம் விட்டா பாடுதான்னு கேட்டா போதும்.

அடுத்து ரிமோட் வயருக்கு யாராவது சொல்லுங்க. தொலைக்கட்டுப்பாட்டுக் கம்பின்னு ஒரு அகராதிக்காரர் போட்டா கையில பிடிக்கிற ரிமோட்டத் தேடுவாங்க. ஸ்டீரியோ ஆன் ஆனதும் 12 வோல்ட் அனுப்பி ஆம்ப எழுப்பி விடற கம்பிதானே அது, "எழுப்புக் கம்பி"ன்னு நான் ஆரம்பிச்சு வெக்கறேன், வெட்டறவங்க வெட்டுங்க.