கிளினிக் கொப்பியை நிறுத்திவிட்டு முழுக்கக் கணினிக்கு மாறலாமா?

கொக்குவிலான்: அம்மாவை மாதாமாதம் யாழ்ப்பாணத்தில் நீரிழிவுக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறேன். போன முறை மழையில், டொக்டர் மருந்து எழுதித் தரும் கிளினிக் கொப்பி நனைந்து மருந்தளவு அழிந்துவிட்டது. மெட்போமின் 500ஆ 850ஆ என்று மருந்து கொடுப்பவர் அம்மாவிடமே கேட்கிறார்! கணினியில் இருந்தால் இந்த வில்லங்கம் வருமா? டொக்டர்மாருக்கும் தாதியருக்கும் மாற மனமில்லை, அவ்வளவுதான்.

இரவுப்பணித் தாதி: மனமில்லை என்று சொல்லாதீர்கள் தம்பி. முன்பு நான் வேலை செய்த இடத்தில் கட்டில் அட்டையிலும் எழுத வேண்டும், அதையே கணினியிலும் அடிக்க வேண்டும். வாட்டுக்கு ஒரே கணினி. காலையில் ஒரு தாதிப் பிள்ளை கடவுச்சொல் போட்டுத் திறந்தால் இரவு வரை எல்லோரும் அவள் பெயரிலேயே பதிவோம். இரவு பத்து மணிக்கு ஊசி போட்டது யார் என்று பார்த்தால், வீட்டில் படுத்திருந்த பிள்ளையின் பெயர் வரும்.

மானிப்பாய் மென்பொருள்: அக்கா, கடவுச்சொல்லைப் பகிர்ந்தது உங்கள் ஆட்களின் பிழை. மென்பொருள் என்ன செய்யும்?

இரவுப்பணித் தாதி: ஒருவர் வெளியேறி மற்றவர் உள்ளே வர மூன்று நிமிடம். அதற்குள் சேலைன் முடிந்து ஒருவர் கூப்பிடுவார். நீங்கள் என்றால் எதைப் பார்ப்பீர்கள்?

வெள்ளைச்சட்டை: நான் டொக்டர். கணினிக்கு எதிரானவன் அல்ல, ஆனால் அக்கா சொல்வது சின்ன விஷயம் இல்லை. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் சிறுவர் மருத்துவமனையில் மருந்துக் கட்டளைகளைக் கணினிக்கு மாற்றினார்கள். வேறு இடங்களிலிருந்து அங்கே அனுப்பப்பட்ட பிள்ளைகளில் இறப்பு 2.80 சதவீதத்திலிருந்து 6.57 ஆனது என்று 2005இல் ஆய்வு வந்தது. முன்பெல்லாம் பிள்ளை வழியில் இருக்கும்போதே மருந்தை ஆயத்தம் செய்வார்கள். புதிய முறையில் பிள்ளை வந்து பதிந்த பிறகுதான் கட்டளையே போடலாம். அதே மென்பொருளை அங்கேயே சியாட்டில் நகரின் சிறுவர் மருத்துவமனையில் நன்றாக ஆயத்தம் செய்து கொண்டுவந்தார்கள், அங்கே இறப்பு கூடவில்லை.

எங்கள் ஊர்ச் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. சிவகுமார் என்ற பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் ‘எச்’ சேர்த்து அடிப்பார், மற்றவர் சேர்க்கமாட்டார். ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு. பெனிசிலின் ஒவ்வாமை பழையதில் இருக்க, நான் திறந்த புதியதில் ‘ஒவ்வாமை இல்லை’ என்றிருந்தது. கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்ததால் தப்பினோம்.

மானிப்பாய் மென்பொருள்: அதற்குத்தானே ஆளுக்கொரு சுகாதார இலக்கம்! பெயரால் தேடாமல் இலக்கத்தால் தேடுங்கள். கொப்பியை வைத்துக்கொண்டே இருந்தால் இரட்டை வேலை ஒருநாளும் முடியாது.

வெள்ளைச்சட்டை: இலக்க அட்டையை வீட்டில் விட்டுவிட்டு வருகிறவர்களை என்ன செய்வது? 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்ததையும் மறக்க வேண்டாம். கரண்ட் போனால் எந்தத் தாளில் எழுதுவது, வந்த பிறகு யார் ஏற்றுவது என்று முதலில் எழுதி வையுங்கள். வாட்டுக்கு நாலு கணினி தாருங்கள். அடுத்த நாளே நான் பேனையை வைத்துவிடுகிறேன்.

மானிப்பாய் மென்பொருள்: நாலு கணினி சரி. ஆனால் அது வரும்வரை மாறமாட்டோம் என்றால் இன்னும் பத்து வருடம் கொப்பிதான். அதை நான் ஏற்கமாட்டேன்.

இரவுப்பணித் தாதி: கொக்குவில் தம்பி, இப்போதைக்கு அம்மாவின் கொப்பிக்கு ஒரு பிளாஸ்டிக் உறை போடுங்கள். ஒவ்வொரு கிளினிக் முடிந்ததும் மருந்துப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள்.