சவர்லாண்ட் மலைக்காட்டில் கூடாரமிட்டுத் தங்க அம்மாவையும் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லலாமா?

கேள்வி: வெள்ளவத்தை வாசகி

அனைவருக்கும் வணக்கம். ஜேர்மனியில் டோர்ட்முண்ட் நகரில் வசிக்கும் என் அண்ணா, வருகிற ஆகஸ்ட் பாடசாலை விடுமுறைக்கு எங்களைத் தம்மிடம் வரச் சொல்லியிருக்கிறார். அவருடைய வீடு சிறியது. பிள்ளைகளும் நகரத்துக்குள்ளேயே அடைந்து கிடந்தால் சலித்துப்போவார்கள். ஆகையால் ஒரு வாரமாவது சவர்லாண்ட் என்னும் மலைப்பகுதிக்குப் போய்க் கூடாரம் அடித்துத் தங்கலாம் என்பது அவருடைய யோசனை. பிள்ளைகள் இருவரும் இப்போதே துள்ளிக் குதிக்கிறார்கள்.

எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. என் அம்மாவும் எங்களோடு வருகிறார். அவருக்கு முழங்கால் வலி உண்டு. இரவில் ஓரிரு முறை எழும்ப வேண்டியும் இருக்கும். கொழும்பு வெக்கையில் வாழ்ந்து பழகிய எங்களுக்குக் குளிர் என்றால் நுவரெலியாக் குளிர்தான். அண்ணா அனுப்பிய படங்களில் அந்த மலைகள் நம்முடைய மலைநாட்டைப்போல் உயரமாகத் தெரியவில்லை. அப்படியானால் குளிரும் குறைவாக இருக்குமா? வயதானவர் ஒருவர் கூடாரத்தில் தங்கக்கூடிய அளவுக்கு அங்கே வசதி உண்டா? நம்முடைய சாப்பாட்டை அங்கே சமைக்க முடியுமா? போய் வந்தவர்கள் விவரமாகச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில்: பம்பலப்பிட்டியிலிருந்து

வணக்கம் சகோதரி. என் மைத்துனர் குடும்பம் அந்தப் பக்கத்தில் இருப்பதால் சவர்லாண்டில் கோடைக்காலங்களில் தங்கியிருக்கிறேன். அம்மாவைத் தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். ஆனால் எந்த இடத்தில் தங்குவது என்பதை அண்ணாவிடம் மட்டும் விட்டுவிடாமல் நீங்களும் சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

முதலில் ஒரு விடயத்தைத் தெளிவுபடுத்துகிறேன். அங்கே காட்டுக்குள் நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. காட்டுப் பாதைகளில் நடந்து மகிழ எல்லோருக்கும் சட்டப்படி உரிமை உண்டு, ஆனால் கூடாரமிட்டு இரவு தங்குவது அந்த உரிமைக்குள் அடங்காது. அதனால் எல்லோரும் இதற்கென்றே நடத்தப்படும் முகாம்களில்தான் தங்குகிறார்கள். வரவேற்பு அலுவலகம், சுடுநீர்க் குளியலறை, கழிப்பறை, பாத்திரம் கழுவும் இடம், பிள்ளைகள் விளையாடும் இடம் எல்லாம் உள்ள ஒழுங்கான சிற்றூர் என்றே அவற்றைச் சொல்லலாம். பல முகாம்களில் கட்டிலும் கதவும் உள்ள சிறு மரக்குடில்களை வாடகைக்குத் தருவார்கள். அம்மாவுக்காகக் கழிப்பறைக் கட்டடத்துக்கு அருகில் ஒரு குடிலை எடுத்து, அதற்குப் பக்கத்தில் பிள்ளைகளுக்குக் கூடாரம் அடித்தால் இரு தரப்பும் மகிழ்ச்சியாக இருக்கும். கோடை விடுமுறைக்கு நெதர்லாந்துக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள் என்பதால் குடில்களைப் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்தாக வேண்டும்.

உயரத்தை வைத்துக் குளிரைக் கணக்கிட வேண்டாம். வின்டர்பெர்க் நகருக்கு அருகே உள்ள காலர் ஆஸ்டன் என்ற புகழ்பெற்ற மலையின் உயரம் 842 மீற்றர்தான். நம்முடைய ஹட்டன் நகரம்கூட அதைவிட உயரத்தில் இருக்கிறது. ஆனால் அந்த நிலம் பூமத்திய ரேகையிலிருந்து வெகு தொலைவில், 51 பாகை வட அகலாங்கில் கிடப்பதால், ஆகஸ்டிலும் அந்த மலைமேல் இரவில் நுவரெலியாவில் இருப்பதுபோலவே உணர்வீர்கள். அத்தோடு அங்கே மழையும் அதிகம். எனவே வின்டர்பெர்க்கைப் பகலில் போய்ப் பார்க்கும் இடமாக வைத்துக்கொண்டு, தங்குவதற்குத் தாழ்வான பள்ளத்தாக்கில் ஏரிக்கரையோரமாக ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அம்மாவுக்கு அதுவே நல்லது.

ஏரிகள் என்று நான் சொல்பவை எல்லாம் அணை கட்டித் தேக்கிய நீர்த்தேக்கங்கள். அட்டென்டோர்ன் ஊருக்கு அருகில் உள்ள பிகசே நீர்க் கொள்ளளவில் இவற்றில் மிகப் பெரியது. படகுச் சவாரி உண்டு. அதே ஊரில் 1907ஆம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்ட அட்டா சுண்ணாம்புக் குகையும் இருக்கிறது, பிள்ளைகள் அதை மறக்கவே மாட்டார்கள். மெஷடே நகரை ஒட்டிய ஹென்னசே புகையிரத வழிக்கு அருகில் இருப்பதால் வாகனம் இல்லாமலும் சமாளிக்கலாம். ஆனால் அதன் அணைக்கட்டில் ஏறும் நீண்ட படிக்கட்டை அம்மாவுக்குக் காட்டாதீர்கள். அவருக்கு ஏற்றது 1913ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட மோனசே அணை. 650 மீற்றர் நீளமான அந்தக் கல்மதிலின் மேல் ஏற்ற இறக்கமே இல்லாமல் ஆறுதலாக நடக்கலாம். 1943 மே மாதத்தில் பிரித்தானிய விமானங்கள் அந்த அணையைக் குண்டு வீசி உடைத்தபோது, கீழே இருந்த பள்ளத்தாக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெள்ளத்தில் மாண்டார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் வேறு நாடுகளிலிருந்து வலுக்கட்டாயமாகக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

உறக்கப் பையை வாங்கும்போதோ இரவல் பெறும்போதோ அதன் உள்ளே தைத்திருக்கும் சிட்டையைப் பாருங்கள். அதில் வெவ்வேறு வெப்பநிலைகள் அச்சிட்டிருக்கும். கடைக்காரர் பெரிதாகக் காட்டும் ஆகக் குறைந்த எண், உயிர் தப்புவதற்கான எல்லை மட்டுமே. நிம்மதியாக உறங்குவதற்கு உரிய எண் வேறு, அதைத்தான் நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும். அந்த எண் 5 பாகைக்கு மேல் போகாமல் இருப்பது நமக்கு நல்லது. பைக்குக் கீழே தடிப்பான மெத்தை விரிப்பும் வேண்டும். உடம்பின் பாரத்தில் பையின் அடிப்பக்கம் நசுங்கிவிடுவதால், எவ்வளவு விலை உயர்ந்த பையானாலும் நிலத்துக் குளிர் முதுகில் ஏறும்.

பதில்: ஜேர்மனியின் ஹம் நகருக்கு அருகில் வசிப்பவர், சொந்த இடம் கொட்டாஞ்சேனை

மேலே எழுதியவர் சொன்னவற்றோடு உடன்படுகிறேன். நான் சாப்பாட்டுப் பக்கத்தைச் சொல்கிறேன்.

இலங்கையிலிருந்து வருபவர்கள் பெட்டி நிறையச் சாமான் கட்டி வருவது வழக்கம். இறைச்சிப் பொருட்களையும் பால் பொருட்களையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவர அனுமதி இல்லை. நெய்யும் அதில் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலையும் ரம்பையும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் வரக்கூடாது. கருவாட்டுக்கும் மாசிக்கும் குறிப்பிட்ட அளவுவரை அனுமதி உண்டு. தூள் வகைகளை அம்மா வீட்டில் வறுத்து அரைத்துத் தந்தால் அதுவே போதும், மற்றவை எல்லாம் டோர்ட்முண்டில் உள்ள தமிழ்க் கடைகளில் கிடைக்கும்.

முகாமில் ஒவ்வொரு இடத்துக்கும் மின்சாரம் தருவார்கள். நீல நிறத்தில் உருண்டையான மூன்று முனைச் செருகி அதற்குத் தேவை. அண்ணாவிடம் இல்லாவிட்டால் முகாம் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். சில முகாம்களில் ஓர் இடத்துக்கு 6 அம்பியர் மட்டுமே கிடைக்கும், அதாவது ஏறத்தாழ 1,380 வாற். சோறு அவிக்கும் மின்குக்கரைத் தனியாகப் போட்டால் தாங்கும். கூடவே தேநீருக்குக் கேத்திலையும் போட்டால் உடனே மின்சாரம் துண்டிக்கப்பட்டு, இரவு நேரமென்றால் காலைவரை இருட்டில் இருக்க வேண்டியும் வரலாம். ஆகவே சோற்றை மின்சாரத்திலும் கறியைச் சிறிய எரிவாயு அடுப்பிலும் சமையுங்கள். எரிவாயுக் குப்பியை விமானத்தில் ஏற்ற முடியாது, அங்கேயே வாங்க வேண்டும். கூடாரத்துக்கு உள்ளே, எவ்வளவு மழை பெய்தாலும், அடுப்பை மூட்டவே கூடாது: தீ ஒரு பக்கம் இருக்க, அதன் நச்சுவாயு உறங்குபவர்களைச் சத்தமில்லாமல் கொன்றுவிடும். விறகு மூட்டிக் குளிர்காயும் ஆசை பிள்ளைகளுக்கு இருந்தால், முகாமில் அதற்கென ஒதுக்கிய இடம் உண்டா என்று விசாரியுங்கள். காட்டிலும் காட்டின் எல்லையிலிருந்து 100 மீற்றருக்குள்ளும் அனுமதியின்றி நெருப்பு மூட்டுவது இந்த மாநிலத்தில் சட்டவிரோதம். மார்ச் முதல் ஒக்டோபர் முடியும்வரை காட்டுக்குள் புகைபிடிப்பதற்கும் தடை உண்டு.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டியிருக்கும் என்பதால் சனிக்கிழமையே இரண்டு நாளுக்குரிய பாலும் மரக்கறியும் வாங்கிவிடுங்கள். முகாம்களில் இரவு பத்து மணிக்குப் பிறகும், பெரும்பாலும் பகல் ஒன்று முதல் மூன்று வரையும் அமைதி காக்க வேண்டும். அந்த நேரங்களில் வாகனத்தைக்கூட உள்ளே விடமாட்டார்கள். பிள்ளைகளுக்கு இதை முன்பே சொல்லி வைப்பது நல்லது, ஏனென்றால் ஆகஸ்டில் இரவு எட்டரை மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் அவர்களுக்கு நேரம் போவதே தெரியாது.

போகும்போதோ திரும்பும்போதோ அம்மாவை ஹம் ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயிலுக்கு அழைத்து வாருங்கள். 2002ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்ட அந்தக் கோயிலின் இராசகோபுரத்தைக் கண்டதும் அம்மாவின் களைப்பு பறந்துவிடும். தேர்த்திருவிழா கோடையின் தொடக்கத்திலேயே முடிந்துவிடுவதால், ஆகஸ்டில் நெரிசல் இல்லாமல் கும்பிடலாம்.

வெள்ளவத்தை வாசகி

இருவருக்கும் மிகுந்த நன்றி. குடிலும் கூடாரமுமாக ஏரிக்கரையில் தங்குவது என்று அண்ணாவோடு பேசி முடிவு செய்துவிட்டோம். இன்னும் இரண்டு கேள்விகள். காட்டில் உண்ணிக்கடியால் நோய் வரும் என்று அண்ணி சொல்கிறார். பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட வேண்டுமா? விசாவுக்கு எப்போது விண்ணப்பிக்கலாம்? அண்ணாவுக்குக் கோடையில் நீண்ட விடுப்புக் கிடைக்காது என்பதால் வாகனம் இல்லாத நாட்களும் இருக்கும்.

பதில்: தெஹிவளையிலிருந்து

அங்கே யானையோ சிறுத்தையோ இல்லை; பயப்பட வேண்டியது உண்ணிக்குத்தான். உண்ணி மரத்திலிருந்து விழுவதில்லை, புல்லிலும் சிறு செடிகளிலும் தொற்றி நிற்கும். அது பரப்பும் மூளையழற்சி நோய் பெரும்பாலும் ஜேர்மனியின் தெற்கில், பவேரியாவிலும் கறுப்புக் காடு இருக்கும் மாநிலத்திலும்தான் காணப்படுகிறது. அதற்குத் தடுப்பூசி உண்டு. நீங்கள் தெற்கே போகும் எண்ணம் இருந்தால் மட்டும் மருத்துவரிடம் பேசுங்கள். ஆனால் உண்ணி பரப்பும் இன்னொரு நோயான லைம் நோய் சவர்லாண்ட் உட்பட நாடெங்கும் உண்டு, அதற்கு வழக்கமாகப் போடும் தடுப்பூசி எதுவும் இல்லை. நல்ல செய்தி என்னவென்றால், அந்தக் கிருமி உடலுக்குள் வர உண்ணி பல மணி நேரம் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு மாலையும் பிள்ளைகளைக் குளிக்க வைக்கும்போது முழங்காலின் பின்புறம், தொடை இடுக்கு, அக்குள், காதின் பின்புறம், மயிரடி ஆகியவற்றைப் பாருங்கள். கண்டால் எண்ணெய் தடவாமல், கூர்மையான சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். கொழும்புக்குத் திரும்பிய பிறகு சில வாரங்களுக்குள் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் விரிந்தால் உடனே மருத்துவரிடம் காட்டி, ஜேர்மன் காட்டுக்குப் போய் வந்ததைச் சொல்லுங்கள். நம் நாட்டு மருத்துவர் அதைத் தாமாக நினைக்க வாய்ப்புக் குறைவு.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2018க்குப் பிறகு வந்த வறட்சியிலும் பட்டை வண்டுத் தாக்கத்திலும் அங்குள்ள ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரங்கள் மலை மலையாகக் காய்ந்துபோயின. பட்ட மரங்கள் நிற்கும் பகுதிகளில், காற்று வீசும் நாட்களில் நடக்க வேண்டாம். பாதை மூடியிருப்பதாகப் பலகை தொங்கினால் திரும்பிவிடுங்கள்.

விசாவுக்குப் பயணத் திகதிக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஆகஸ்டுக்கு எல்லோரும் முண்டியடிப்பதால் நேர ஒதுக்கீடு கிடைப்பதே பெரும்பாடு, பெப்ரவரியிலேயே தொடங்கிவிடுங்கள். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுவரை 45 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஈடுசெய்யும் பயணக் காப்புறுதி கட்டாயம். அம்மாவின் வயதுக்கும் முழங்கால் வலிக்கும் அது பொருந்துமா என்பதை வாசித்துப் பார்த்தே வாங்குங்கள். அண்ணா தம் நகரத்தின் வெளிநாட்டவர் அலுவலகத்தில் 29 யூரோ கட்டி, உங்கள் செலவுகளுக்குத் தாமே பொறுப்பு என்னும் பொறுப்பேற்புப் பத்திரம் எடுத்து அனுப்ப வேண்டும். அங்கேயும் நாள் குறிக்கத் தாமதமாகும், இன்றே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

வாகனம் இல்லாத நாட்களுக்கு, டோர்ட்முண்டிலிருந்து மெஷடே வழியாக வின்டர்பெர்க் செல்லும் ஆர்ஈ 57 புகையிரதம் இருக்கிறது. நாடு முழுவதும் உள்ளூர் புகையிரதங்களிலும் பேருந்துகளிலும் செல்லுபடியாகும் மாதச் சீட்டின் விலை 2026 ஜனவரி முதல் 63 யூரோ. 6 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குச் சீட்டே வேண்டாம். அது தானாகவே அடுத்த மாதத்துக்கும் தொடரும் சந்தா என்பதால், அந்த மாதம் 10ஆம் திகதிக்குள் நிறுத்தும்படி எழுதிக் கொடுக்க அண்ணாவுக்கு நினைவூட்டுங்கள்.